லாரித் தலையில் ஒரு சாண்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஐப்பசி மாதம், மழை சற்றே மூச்சு வாங்கும் ஒரு காலை.

பொறுமைக்குப் பெயர்போன மச்சான் தைரியராஜுக்கு,

உன் அக்கா சவரிமேரியைக் கட்டிக்கொண்ட லூயிஸ் எழுதுவது. சேசு மரி சூசை உன்னைக் காக்கட்டும். நீ இதைப் படித்து முடிக்கும்வரை என்னை உன்னிடமிருந்தும் காக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம். அதாவது நான் நலம், உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதினால் நீ அதைப் போட்டோ எடுத்து அவளுக்கே அனுப்புவாய் என்பதால் எழுதவில்லை. சிதம்பரத்தில் உன் மூக்குக்கண்ணாடிக் கடையும், மேரி ஷாலினியும், பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்து சேர்ந்தது. உன் அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி காயவைக்கப் போய்விட்டதால் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. "யோவ் மாமா, ஒன் எலி வண்டியால என் கடை மானம் போவுது. குமராட்சிப் பக்கத்து ஜனம் மொத்தமும் இங்க வந்து பெஞ்சில குந்திக்கிச்சு. கண்ணு டெஸ்ட் பண்ற நாற்காலியில அமராவதியம்மா ஏறி உக்காந்துக்கிட்டு, லாரி வராம எறங்க மாட்டேங்குறாங்க. கண்ணு தெரியாதவன்லாம் வாசல்ல நிக்கிறான்யா!" என்று நீ கத்தியதை எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் தடவை போடச் சொல்லிக் கேட்டார். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ மூச்சு விடுவதில்லை. இடையில் நுழைய எனக்கு வழியும் இல்லை. அதோடு, கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தே நரைத்தவன் நான். என் கட்சியையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன். நகல் என்னிடம் உண்டு.

முதலில், எலி வண்டி என்பது என்ன என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இதை ரேட் ராட் என்கிறார்கள்; ரேட் என்றால் எலி. பழைய லாரியின் தலையை மட்டும் எடுத்து, வேறொரு வண்டியின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், தரையோடு தரையாக உட்காரவைத்து, எஞ்சினை மூடாமல் வெளியே காட்டி, துருவுக்குப் பெயிண்ட் அடிக்காமல் அப்படியே ஓட்டுவார்கள். பளபளவென்று கார் வைத்திருப்பவனைப் பார்த்து எரிச்சல்பட்ட எவனோதான் ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை முற்றிவிட்டது. ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். என் பெரியப்பா மகனின் சவுக்குத் தோப்பு மண் பாதையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு சுற்று. அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு இதைவிடச் சின்ன ஆசை இருந்தால் நீயே சொல். உன் அக்கா சொன்னாள்: மாடித்தோட்டமாம்.

நான் லாரித் தலைக்கு அலைந்தபோது வழி காட்டியவன் நீதான், அதை மறந்துவிடாதே. உன் கடைக்குக் கண்ணாடி போட வந்த இளவரசு, "எங்க ஊரு வாய்க்கா ஓரமா ஒரு லாரி மூஞ்சி கெடக்கு சார், எங்கப்பா ஓட்டுனது, எஞ்சின் டயரெல்லாம் வித்துத் தின்னாச்சு, தலை மட்டும் பாக்கி" என்றதும் என்னை வரச்சொல்லி, சித்திரை வெயிலில் குமராட்சி மினி பஸ்ஸில் ஏற்றி அழைத்துப்போனவன் நீ. மூக்கு வைத்த அந்தக் காலத்து லாரி. செங்கல் அடுக்கின்மேல், வாய்க்காலைப் பார்த்தபடி, பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி கம்மென்று உட்கார்ந்திருந்தது. அந்தத் துரு இருக்கிறதே, மச்சான்! பனைவெல்லம் காய்ச்சி ஊற்றின நிறம். நான் பேரம்கூடப் பேசவில்லை. (எவ்வளவு கொடுத்தேன் என்பதை இங்கே எழுதமாட்டேன், உன் அக்கா கையில் இது சிக்கலாம்.) அந்தத் தெருவில் நடவு ஆட்களுக்கெல்லாம் தலைவியான அமராவதியம்மா வந்து பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தூக்கிட்டுப் போறது சரி, உள்ள எங் கோழி அடைக்கு குந்தியிருக்கு, அதுக்கு என்னா வழி?" கோழி குஞ்சு பொரித்து வெளியே வரும்வரை காத்திருந்து, பிறகுதான் லாரித் தலையை ஏற்றி வந்தேன். இத்தனை மரியாதையோடு வாங்கியிருக்கிறேன். அன்று அந்த ஊரில் ஓர் ஆள்கூடத் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்க மாட்டார்கள்தான். வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

கடலூர் முதுநகரில் செம்பியன் பட்டறையில் வேலை ஆரம்பித்தது. செம்பியன் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கைக்கு வந்த எதையும் மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து அனுப்பியே பழகியவர். ஒருநாள் போய்ப் பார்த்தால் என் லாரித் தலைக்குப் பாதிவரை ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். "யோவ் செம்பியன், என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்றேன். "துருவா இருந்துச்சு சார்." "அதுதான்யா வேணும்!" "வேணுமா? சார், எம் பொண்ணக் குடுத்த வூட்டாளுங்க இந்த வழியாத்தான் சந்தைக்குப் போறாங்க. இது இப்புடியே எம் பட்டறையில நின்னா, எனக்குத் தொழில் தெரியாதுன்னு நெனைச்சுக்குவாங்க சார்" என்று கண் கலங்கிவிட்டார். கடைசியில், 'இந்தத் துரு உரிமையாளரின் சொந்த விருப்பம்' என்று என் கடையில் கொட்டை எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து வண்டியில் மாட்டிய பிறகுதான் அவர் கிரைண்டரை எடுத்தார். அடித்த சாயத்தைச் சுரண்டியதில் பாதி முகம் வெள்ளிக்கிண்ணம் போலப் பளபளத்தது. அதைத் திரும்பத் துருப்பிடிக்க வைக்க, துறைமுகத்திலிருந்து கடல்தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினேன். அந்த நேரம் பார்த்தா உன் அக்கா மீன் வாங்க அந்தப் பக்கம் வரவேண்டும்? "வூட்டு கேட்டு துருப்புடிச்சுக் கொட்டுது, ஒரு டப்பா பெயிண்டு வாங்கத் துப்பில்ல. இங்க இரும்புக்கு உப்புத்தண்ணி அபிஷேகமா நடக்குது?" என்று கேட்டாள். எங்களுக்குள் கடைசியாக நடந்த முழு உரையாடல் அது.

மற்றதெல்லாம் கிடைத்ததைக்கொண்டு ஒப்பேற்றியது. சேசிஸ் ஒரு கிழட்டு ஜீப்பினுடையது. விளக்கு இரண்டும் டிராக்டரிலிருந்து கழற்றியவை. சைலன்சர், அடிபம்புக் குழாய். சீட்டு, மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் பின்வரிசை. உட்கார்ந்தால் இடைவேளைக்கு எழுந்துபோகத் தோன்றுகிறது. எஞ்சின் ஒரு ஷேர் வேனில் உழைத்தது. ஆள் யாராவது கையைக் காட்டினால் இன்னும் அதுவாக நின்றுவிடுகிறது. எலி வண்டிக்குத் தலை தாழ்வாக இருந்தால்தான் அழகு என்பதால் கூரையை வெட்டி இறக்கினோம். இப்போது நான் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் ஓட்ட முடியும். பார்க்கிறவர்கள் ஏதோ ஆழ்ந்த யோசனை என்று நினைக்கிறார்கள். அப்புறம், லாரித் தலையின் அடிப்பக்கம் சுற்றிலும் மக்கி அப்பளமாக நொறுங்கியதால் ஒரு சாண் அளவுக்குத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டோம். இந்த ஒரு சாணை மட்டும் மனசில் வைத்துக்கொள், மச்சான். வம்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பங்குச் சாமியார் சொல்லியிருந்தார்: "லூயிஸ், பெயிண்டெல்லாம் அடிச்சு முடிச்சதும் சொல்லுங்க, வந்து மந்திரிச்சுத் தர்றேன்." போய், "முடிஞ்சுடுச்சு சாமி" என்றேன். வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். என்னைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். தீர்த்தத்தை வண்டிமேல் கொஞ்சமாகவும் என் தலைமேல் ஜாஸ்தியாகவும் தெளித்துவிட்டுப் போனார். அந்த ஞாயிறே தோப்பில் ஓட்டினேன். அதை எப்படிச் சொல்ல? சவுக்குச் சருகு புகையாகப் பறக்கிறது, அடிபம்புக் குழாய் வழியாக எஞ்சின் கர்ஜிக்கிறது, கூடவே ஓடிவந்த செம்பியன் "சார், போவுது சார்! நெஜமாவே போவுது சார்!" என்று கத்துகிறார். போகும் என்று நம்பாமலா இத்தனை நாள் கூலி வாங்கினார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. உன் அக்கா தோப்பு வாசலில் நின்றாள். சிரிக்கவில்லை, ஆனால் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே நிம்மதியாகப் போயிருக்கும். ஐப்பசி பிறந்தது, மழை வந்தது, அடுத்ததாகப் போன் வந்தது.

"சாரு, அமராவதி பேசுறேன். வாய்க்கா ரொம்பி தெருவுக்கு ஏறுது. கைப்பிடி எம்மாம் ஒசரம்?"

"எந்தக் கைப்பிடிம்மா?"

"என்னா சாரு இப்புடிக் கேக்குற, லாரிக் கதவு கைப்பிடிதான்! தண்ணி லாரிப் படிக்கு வந்தா நாத்து போச்சின்னு அர்த்தம். கைப்பிடிக்கு வந்தா ஆட்ட அவுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயிடணும். கண்ணாடிக்கு வந்தா மாமியாளையும் இட்டுக்கிட்டுப் போவணும். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து எங்க தெருவுக்கு அதான் கணக்கு."

"பாலத்துல அளவுகோல் நட்டிருக்காங்களேம்மா?"

"அது ஆத்துக்கு. எங்க தெருவுக்கு லாரிதான்."

பார், மச்சான்! ஒரு தெருவின் வெள்ளக் கணக்கையே பெயர்த்துக்கொண்டு வந்து கடலூரில் உப்புத்தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்! குடையைக்கூட எடுக்காமல் வண்டி நிற்கும் கொட்டகைக்கு ஓடி, டேப்பைப் பிடித்து, தகட்டின் அடி விளிம்பிலிருந்து கைப்பிடிவரை அளந்து சொன்னேன். அவர்கள் லாரி கிடந்த இடத்துச் செங்கல் மேடையிலிருந்து அதே உயரத்தை அளந்து, பக்கத்து வேப்பமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டது. தெரு மொத்தமும் கிளம்பியது. கொட்டுகிற மழையில் ஆடு, மூட்டை முடிச்சு, கிரைண்டர், டிவி எல்லாம் தலைமேல் ஏறிப் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயின. சில பேர், போகிற போக்கில் மாமியாரையும் சேர்த்தே அழைத்துப் போயிருக்கிறார்கள். அதற்கும் இப்போது என்னைத்தான் திட்டுகிறார்கள். தண்ணீர் கோட்டுக்குமேல் ஏறவே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிட்டது. ஜனமெல்லாம் நனைந்து நடுங்கியதுதான் மிச்சம். ஆடுகள் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்த காய்கறிப் படத்தை வெண்டைக்காய்வரை தின்றுவிட்டன.

இளவரசுதான் கண்டுபிடித்துப் போன் செய்தார். "சார், கைப்பிடிக்குத் தண்ணி வந்தா எங்க வூட்டு வாசப்படி முழுவும். இன்னிக்கு முழுவல. நீ என்னாத்த சார் அளந்த?" அப்போதுதான் எனக்கு அந்த ஒரு சாண் ஞாபகம் வந்தது. அடியில் வெட்டி எறிந்த தகட்டைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லித் தொலைத்திருக்கிறேன். மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். "ஒரு சாணைக் கூட்டி மரத்துல கோட்டைத் தள்ளிப் போட்டுக்குங்க, முடிஞ்சுது" என்றேன். போனை அமராவதியம்மா பிடுங்கினார். "இன்னும் எங்கெங்க எத்தினி சாண் வெட்டியிருக்கன்னு யாருக்குத் தெரியும்? ஒன் பேச்ச நம்பி ஒரு தரம் ஓடியாச்சு சாரு. இனிமே கோட்டப் பாத்து நான் கூப்புட்டா எவளும் வர மாட்டா. நெஜமா வர்றப்போ எவனும் நவுர மாட்டான். அதுதான் எனக்குப் பயம்" என்றார். மற்ற திட்டையெல்லாம் காதோடு விட்டுவிட்டேன். இது ஒன்று மட்டும் சோறு இறங்க விடமாட்டேன் என்கிறது. அது வேறு விஷயம். நாம் வழக்குக்கு வருவோம்.

ஆகவே மச்சான், வாங்க வழி காட்டியவன் என்று உன்னைத் தேடி வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் என் தரப்பை நீ கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். லாரித் தலை காசு கொடுத்து வாங்கியது. இளவரசு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது இப்போது லாரித் தலையும் அல்ல, எலி வண்டி; பிரித்தால் வண்டியும் இல்லை, தலையும் இல்லை. நான் வேறு யார் குடியையும் கெடுக்காமல், குடிக்காமல், சீட்டாடாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை ஆரம்பித்து முடித்திருக்கிறேன். உன் அக்கா வாங்கித் தந்த கிட்டாரும், பாதியில் நிற்கும் இந்தி பரீட்சையும், கொல்லையில் கட்டாமல் விட்ட மீன்தொட்டியும் சாட்சி. அதைத் திருப்பிக் கொடு என்றால் எப்படி? அவர்கள் வேண்டுமானால் வேறு லாரி பார்க்கட்டும், நெய்வேலிப் பக்கம் கம்மாபுரத்தில் நிறையக் கிடக்கிறது என்று சொல். வண்டியைத் தரமாட்டேன். நீ கெஞ்சினாலும் தரமாட்டேன். இதுவே என் இறுதி முடிவு; இதில் மாற்றம் இல்லை.

மேரி ஷாலினிக்கு என் அன்பு. பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகி, என்னைப்போல ஆசைப்படாமல் நல்லபடியாக இருக்க மாதா துணை நிற்பாள். உன் கடைப் பெஞ்சு சீக்கிரம் காலியாகட்டும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் கழுத்து வலிக்கிற,
உன் மாமா
லூயிஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு.

கவரை ஒட்ட எச்சில் தொட்ட நேரத்தில், எனக்குத் தெரியாமல் இதைப் படித்திருந்த உன் அக்கா பேசினாள். இத்தனை நாளுக்கப்புறம் அவள் பேசியதே இவ்வளவுதான்: "நெஜமா வர்றப்போ எவனும் நவுர மாட்டான்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல? அது ஒனக்குக் கேட்டுச்சா, இல்லியா?" கேட்டது என்றேன். "அப்ப இன்னும் என்னாத்துக்கு எழுதிக்கிட்டு இருக்க?" என்றாள். செம்பியனுக்குப் போன் போட்டேன். எலி வண்டியை ஒரு லாரியில் ஏற்றினோம். இந்தப் பின்குறிப்பை நான் எழுதுவது குமராட்சிப் பக்கத்து வாய்க்கால் ஓரத்தில், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு.

இறக்கியவுடன், உன் பெஞ்சை விட்டுத் திரும்பி வந்தவர்களும் சேர்ந்து, தெருவே கூடிச் சண்டை போட்டது. கைப்பிடி என் இடுப்புக்கு வரும் என்றார் ஒருவர். நீ அப்போ குள்ளமா இருந்த என்றார் இன்னொருவர். அமராவதியம்மா வீட்டுச் சுவரில் முன்பு ஒருமுறை கைப்பிடிவரை ஏறின தண்ணீரின் கறை இருக்கிறது. செம்பியன் டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்து, கறையும் கைப்பிடியும் நேராக வரும்வரை சக்கரத்துக்கு அடியில் செங்கல் கொடுத்தார். "இந்தக் கறையே போதுமேம்மா, இதையே பார்த்துக்கிட்டா என்னா?" என்று நான் கேட்டுவைத்தேன். "இந்தப் பொங்கலுக்காவது நாங்க வூட்டுக்கு வெள்ளையடிக்க வாணாமா?" என்றார். நியாயம்தானே. ஐப்பசி முதல் மார்கழிவரை வண்டி அவர்களுக்கு, தை பிறந்தால் எனக்கு என்று பேச்சு முடிந்தது. அறுப்பு முடிந்த வயல்காட்டு வண்டிப்பாதையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாமாம். அதற்கு முன்னால் சவுக்குத் தோப்பெல்லாம் எம்மாத்திரம்!

இவ்வளவும் ஆனபிறகு மழை பிடித்துக்கொண்டதால் மினி பஸ் நின்றுவிட்டது. நானும் செம்பியனும் இங்கேயே தங்கிவிட்டோம். அவருக்குப் பள்ளிக்கூடத்து மாடி, எனக்கு வண்டி. காலையிலிருந்து தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மழையில் வெளியே வந்து பார்க்கச் சோம்பல்பட்டு, வீட்டுக்கு வீடு ஜன்னலிலிருந்து "எங்க சாரு இருக்கு?" என்று குரல் கொடுக்கிறார்கள். வாயால் அளவு சொன்னால் இவர்கள் நம்புவதில்லை என்பதால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம்: படி என்றால் ஒரு ஹாரன், கைப்பிடி என்றால் இரண்டு. என் வாயை நம்பாத ஊர் என் ஹாரனை நம்புகிறது, மச்சான். முதல் ஹாரனுக்கே அமராவதியம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து, கைப்பிடியையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்து, "சரியாத்தான் அடிக்கிற" என்று சொல்லி, ஜன்னல் வழியாக ஒரு தூக்கு நிறைய மீன்குழம்பும் சோறும் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டுக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பஸ் ஓட ஆரம்பித்ததும் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். இரண்டாவது ஹாரன் அடிக்கிற வேலை வராமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் தெருவையும் நினைத்துக்கொள்.